முதல்ல உருளக் கத்துக்கோ தம்பி!

காலை ஒன்பதே முக்கால். ஆபீசுக்கு லேட். புதுச்சேரி நேரு வீதியில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி அலைந்திருக்கிறீர்களா?

இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன சந்து தெரியும். 'நுழைச்சுடலாம்' என்று மனசு சொல்லும். நுழைப்பீர்கள். உங்கள் ஹேண்டில்பார் பக்கத்து வண்டியின் கண்ணாடிக்கு லேசாக ஒரு முத்தம் கொடுக்கும். அடுத்த விநாடி... டொம்... டொம்... டொம்! சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி வரிசையாக ஆறு வண்டிகள் தரையில். ஆறாவது வண்டியின் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்களை நோக்கி வந்துகொண்டிருப்பார்.

அப்போது நீங்கள் போன வேகம் என்ன? மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது!

இதே சமாசாரம் விமானத்துக்கும் நடக்கிறது. ஆகாயத்தில் இல்லை சார்... தரையில்! அதுவும் பெரும்பாலும் நாம் நடக்கிற வேகத்தில். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் பயப்படுவதெல்லாம் மேலே போவதைப் பற்றியும் கீழே இறங்குவதைப் பற்றியும்தான். ஷெட்டிலிருந்து ஓடுபாதை வரை உருட்டிக்கொண்டு போவது ஒரு வேலையா என்று நினைப்பார்கள். அங்கேதான் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது!

லாசுப்பேட்டை ஆகாயம்

புதுச்சேரிக்காரர்களுக்கு லாசுப்பேட்டை விமானதளத்தின் கதை தெரியும். ஒரே ஓடுபாதை. நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 1980-களின் கடைசியில் வாயுதூத்தின் குட்டி விமானங்கள் வந்து போயின. அப்புறம் நின்றுபோயின. 2013-ல் புது டெர்மினல் கட்டினார்கள், பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் வந்தது. அதுவும் நின்றது. விட்டு விட்டு வந்த சேவை 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்று, இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்க ஆரம்பித்தன.

பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்காத 2000-களில், இந்த ஓடுபாதைக்கு வேலை கொடுத்தவை பயிற்சி விமானங்கள்தான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் தலைக்கு மேலே 'டர்ர்ர்' என்று வட்டமடித்த குட்டி விமானத்தை அண்ணாந்து பார்த்து, "எந்த வீட்டுப் பிள்ளையோ, நல்லபடியா இறங்கணும்" என்று சொல்லியிருப்பார்கள். யாரும், "நல்லபடியா ஷெட்டுக்குப் போய்ச் சேரணும்" என்று வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேண்டிக்கொண்டிருக்கலாம்!

இன்றைக்கு நீங்கதான் பைலட்

சும்மா ஒரு கற்பனை. இன்று ஆபீசுக்கு லீவு. நீங்கள் ஒரு மாணவ பைலட். உங்களுக்குக் கொடுத்திருக்கும் விமானம் செஸ்னா 152. உலகம் பூராவும் பயிற்சிப் பள்ளிகளில் உழைத்துத் தேய்ந்த வண்டி. இரண்டே ஸீட். 110 குதிரைசக்தி. ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அதிகபட்ச எடை 757 கிலோ. 'ப்பூ... இவ்ளோதானா! மாருதி மாதிரிதானே' என்கிறீர்கள்.

மாருதி மாதிரிதான். ஆனால் மாருதிக்கு றெக்கை கிடையாது. இந்த ஆசாமியின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை முப்பத்து மூன்று அடி. மூன்று மாருதி 800-களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, அதைக் குறுக்கே வைத்துக்கொண்டு தெருவில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

ஏறி உட்காருகிறீர்கள். முதல் குழப்பம். நம் ஊர்க் காரில் டிரைவர் வலது பக்கம். இதில் நீங்கள் இடது பக்கம். வலது இறக்கை நுனி உங்களிடமிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. 'இடிக்காது' என்று உங்கள் கண் சொல்வதை நம்பாதீர்கள். அந்தக் கண் இத்தனை வருஷம் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கண்!

இரண்டாவது குழப்பம். கையில் ஸ்டியரிங் மாதிரி ஒன்று இருக்கிறது. உருள ஆரம்பித்ததும் விமானம் இடது பக்கம் இழுக்கிறது. நீங்கள் பதறிப்போய் 'ஸ்டியரிங்'கை வலது பக்கம் ஒடிக்கிறீர்கள். விமானம் உங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு இடது பக்கமே போகிறது!

பக்கத்து ஸீட்டில் பயிற்சியாளர்.

"தம்பி, கையை மடியில வை."

"சார்?"

"கையை மடியில வைய்யா. தரையில இது காலால ஓட்டற வண்டி."

ஆமாம். தரையில் விமானத்தைத் திருப்புவது பாதங்கள். கீழே இரண்டு பெடல்கள். வலது பெடலை அழுத்தினால் வலது, இடதை அழுத்தினால் இடது. அதே பெடல்களின் மேல் பாகத்தைக் கால் விரல்களால் அழுத்தினால் பிரேக். அதிலும் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று! ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் விமானம் அந்தப் பக்கம் சுழலும். பதற்றத்தில் 'நிறுத்துகிறேன் பேர்வழி' என்று ஒரு காலை மட்டும் ஓங்கி மிதிக்கிற மாணவன், நிற்பதற்குப் பதில் பக்கத்தில் நிற்கும் விமானத்தை நோக்கித் திரும்பிவிடுவான்.

ரிவர்ஸ் கியர்? கிடையாது. மூக்கை எங்கேயாவது கொண்டுபோய்ச் சொருகிவிட்டால் என்ஜினை அணைத்து, கீழே இறங்கி, கையால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

மூக்குக்கு முன்னால் எமன்

ஸ்கூட்டர் இடித்தால் கண்ணாடி போகும். இங்கே மூக்கில் சுற்றிக்கொண்டிருப்பது புரொப்பெல்லர். சும்மா உருளும்போதே நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று மாதிரி சுற்றும். அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. முன்னால் நிற்கும் விமானத்தின் வாலில் பட்டால், பலாப்பழம் அரிகிற மாதிரி அரிந்துவிடும். மனுஷன் பட்டால்... வேண்டாம், விடுங்கள்.

புரொப்பெல்லர் எதன் மீதாவது மோதினால் அதை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்ப முடியாது. அந்த அதிர்ச்சி என்ஜினுக்குள் எங்கே விரிசல் விட்டதோ என்று மொத்த என்ஜினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடக்கிற வேகத்தில் ஒரு தட்டு. பில் லட்சங்களில்!

சரி, இந்த இடி எப்படித்தான் நடக்கிறது? விபத்துகளைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை நாலு விதம்.

ஒன்று: தலை குனிந்த பைலட். உருளும்போதே செக்-லிஸ்ட் படிப்பது, ரேடியோ அலைவரிசையைத் திருகுவது, வரைபடத்தை மடிப்பது. பத்து விநாடி கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே இன்னொருத்தர் வால்!

இரண்டு: நகரும் பார்க்கிங். இது நயவஞ்சகமானது. பறப்பதற்கு முன் விமானத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, என்ஜினை நிமிஷத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். எல்லா முள்ளும் சரியாக நிற்கிறதா என்று மாணவன் மீட்டர்களையே முறைத்துக்கொண்டிருப்பான். பிரேக் முழுசாகப் பிடிக்கவில்லை. விமானம் மெதுவாக, பூனை மாதிரி, முன்னால் ஊர்கிறது. அவன் மனசில் 'நாம் நிற்கிறோம்' என்ற நினைப்பு. முன்னால் வரிசையில் நிற்பவனுக்கும் அதே நினைப்பு. நினைப்பு இரண்டும் முடியும்போது 'டமார்'!

மூன்று: 'போயிடும்... போயிடும்' கேஸ். இறக்கைக்கும் ஷெட் கதவுக்கும் நடுவே இடம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். இறங்கிப் பார்க்க வெட்கம். போயிடும் என்று விடுவது. போகாது.

நாலு: வேகம். வேகமாக நடக்கும் மனுஷனின் வேகம்தான் கணக்கு. ஆனால் 'நேரம் ஆயிடுச்சு, வாடகை மீட்டர் ஓடுது' என்று மாணவன் விரட்டுவான். பிரேக்கைத் தொடும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும். அதனால்தான் விமானம் நகர ஆரம்பித்து சில அடிகளுக்குள் பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நிற்காத வண்டி என்று தெரிந்துகொள்ள வேண்டிய இடம் ஷெட் வாசல். அடுத்த விமானத்தின் வால் இல்லை!

தாத்தா காலத்து பைலட்டுகள் பாடு இன்னும் மோசம். டைகர் மாத் மாதிரி பழைய பயிற்சி விமானங்கள் வாலைத் தரையில் வைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்தால் நேர் எதிரே எதுவும் தெரியாது. பிரேக்கும் கிடையாது! பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்து, நம் ஃப்ளையிங் கிளப்புகளில் பல வருஷம் பறந்த புஷ்பக்கும் வால் சக்கர வண்டிதான். அதனால் பாம்பு மாதிரி இடதும் வலதுமாக வளைந்து வளைந்து, மூக்கின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். பார்க்கிறவர்களுக்கு 'ஐயா தண்ணி போட்டிருக்காரோ' என்று தோன்றும். உண்மையில் அவர்தான் ஒழுங்கான பைலட்!

கால் தப்பினால்...

காலின் பாடம் தரையோடு முடிகிற விஷயமில்லை. 1994 மார்ச் 8, டில்லி விமான நிலையம். சஹாரா நிறுவனத்தின் போயிங் 737. உள்ளே ஒரு பயிற்சியாளர், மூன்று பயிற்சி பைலட்டுகள். ஓடுபாதையைத் தொட்டுவிட்டு உடனே எழும்பும் பயிற்சி. ஒரு என்ஜின் செயலிழந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மாணவரின் கால் தப்பான பெடலை அழுத்தியது. பயிற்சியாளர் தன் காலால் அதைத் தடுத்துக் காபந்து பண்ணவில்லை என்று விசாரணை சொன்னது. விமானம் புரண்டு விழுந்து, தரையில் 'சிவனே' என்று நின்றிருந்த ரஷ்ய ஏரோஃப்ளாட் விமானத்தின் மீது மோதியது. போயிங்கில் இருந்த நாலு பேரும், தரையில் இருந்தவர்களுமாக மொத்தம் ஒன்பது பேர் பலி.

மேலே பதற்றத்தில் யோசிக்க நேரமில்லை. காலுக்கே தானாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கால் பழகுகிற முதல் பள்ளிக்கூடம், நாம் அலட்சியப்படுத்துகிற அந்த உருட்டல்தான்.

பெரிய மனுஷங்களும் இடிக்கிறாங்க!

மாணவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச் 27, கொல்கத்தா. நம்ம சென்னைக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தது. இண்டிகோ விமானம் ஒன்று உருண்டு வந்து, இறக்கையோடு இறக்கை உரசியது. நுனி உடைந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 2011 ஏப்ரலில் நியூயார்க்கில் ஏர் பிரான்ஸின் ராட்சஸ ஏ-380, தன் இறக்கை நுனியால் ஒரு சின்ன ஜெட்டின் வாலைத் தட்டி அதைத் திருப்பியே போட்டது. உள்ளே பயணிகளோடு! அங்கேயும் உயிர்ச்சேதம் இல்லை.

இந்த அதிர்ஷ்டம் எப்போதும் இருப்பதில்லை.

2001 அக்டோபர் 8. இத்தாலியின் மிலான் நகரம், லினாட்டே விமான நிலையம். காலை. கடும் பனிமூட்டம். ஒரு சின்ன செஸ்னா ஜெட் வடக்குப் பக்கப் பாதையில் போக வேண்டும். பனியில் பாதை மாறி இன்னொன்றில் போய்விட்டது. அந்தப் பாதை நேராகப் பெரிய ஓடுபாதையைக் குறுக்கே வெட்டுகிறது. தரையில் எழுதியிருந்த அடையாளங்கள் சரியில்லை. தரை ரேடார் வேலை செய்யவில்லை. ஒரு கட்டத்தில் பைலட், தான் இருக்கும் இடத்தின் அடையாளத்தை ரேடியோவில் சொன்னார். அப்படி ஓர் அடையாளம் இருப்பதே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்குத் தெரியாது! 'இது என்ன புதுசா இருக்கே' என்று யாராவது ஒருத்தர் அங்கேயே நிறுத்தியிருந்தால்... நிறுத்தவில்லை. வேகமெடுத்து வந்த எஸ்.ஏ.எஸ். பயணி விமானம் அதன் மீது மோதியது. 118 பேர் இறந்தார்கள்.

குருவுக்கே வந்த சோதனை

உலக விமான சரித்திரத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற விபத்து எங்கே நடந்தது தெரியுமா? ஆகாயத்தில் இல்லை. தரையில். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. இரண்டு ஜம்போ ஜெட்கள். பனிமூட்டம். பான் ஆம் விமானம் ஓடுபாதையிலேயே உருண்டு வந்துகொண்டிருக்கிறது; திரும்ப வேண்டிய கிளைப் பாதையைத் தாண்டிவிட்டது. எதிர்முனையில் கே.எல்.எம். விமானம், புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து வேகமெடுக்கிறது. 583 பேர் பலி.

அந்த கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் யார்? கற்றுக்குட்டி இல்லை சார். அந்த நிறுவனத்தில் ஜம்போ ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரிவின் தலைவர். பக்கத்தில் இருந்த துணை பைலட்டுக்கு ஜம்போ தகுதிப் பரீட்சை வைத்துப் பாஸ் போட்டவரே அவர்தான்! ஓட ஆரம்பித்த பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பாஸிடம் இரண்டாம் தடவை கேட்க நமக்கெல்லாம் எப்படி வாய் வராதோ, அப்படி!

லாசுப்பேட்டையில் நாம் கற்பனை செய்த மாணவனும், டெனரிஃபில் இருந்த மாபெரும் குருவும் மாட்டக்கூடிய பொறி ஒன்றேதான். பாதை சரியாகத் தெரியாதபோதும் நகர்ந்துகொண்டே இருப்பது. ஒருத்தனுக்குக் கேட்க வெட்கம். இன்னொருத்தருக்குக் கேட்க அவசியமே தோன்றவில்லை.

கட்டம் கட்டிப் படிக்க...

* நேருக்கு நேர் இரண்டு விமானங்கள் உருண்டு வந்தால்? இரண்டும் நிற்க வேண்டும், அல்லது இரண்டும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். நம் ரோடு மாதிரி இடது பக்கம் ஒதுங்கினால் அம்பேல்!

* குறுக்கே வந்தால்? உங்கள் வலது பக்கம் இருப்பவருக்கு முதல் மரியாதை. அவர் போனபின் நீங்கள்.

* ஓடுபாதை வாசலில் நாலு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டு. முழுக்கோட்டுப் பக்கம் இருந்து வருகிறவர் அனுமதி இல்லாமல் தாண்டவே கூடாது. நம் மாமியார் வீட்டு வாசல் மாதிரி, கூப்பிட்டால்தான் உள்ளே!

* கீழே நின்று சைகை காட்டுபவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால்... நில்! காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

* விமானம் தன் என்ஜின் பலத்தில் முதன்முதலாக நகரும் அந்த நிமிஷத்திலிருந்தே பறந்த நேரக் கணக்கு ஆரம்பம். கமர்ஷியல் பைலட் ஆவதற்குத் தேவையான 200 மணி நேரத்தில் உருட்டலும் சேர்த்தி. ஆக, சட்டப்படி பார்த்தால் பறப்பது தரையிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த ஒரே வார்த்தை

இந்தியாவில் பதினாறு வயசிலேயே மாணவ பைலட் லைசென்ஸ் எடுக்கலாம். பதினெட்டில் கமர்ஷியல் பைலட். அதற்குள் அப்பா நிலத்தையோ வீட்டையோ அடகு வைத்திருப்பார். ஒவ்வொரு மணி நேரமும் காசு. பையன் மனசில் ஒரே ஓட்டம். 'லேட் பண்ணக்கூடாது, அசடு வழியக்கூடாது, சார் திட்டக்கூடாது, கூட இருக்கறவன் சிரிக்கக்கூடாது.'

அந்தக் 'கூடாது'களுக்கு நடுவே ரேடியோவில் ஓர் உத்தரவு வருகிறது. பாதி புரிகிறது. பாதி கரகரப்பு. 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்டால் அத்தனை பைலட்டுகளும் கேட்பார்கள். மானம் போகும். 'சரி, போகப் போகப் பார்த்துக்கலாம்' என்று நகர்கிறான்.

அந்த நிமிஷம்தான் சார், விபத்து. மோதுவது பிறகு நடக்கும் சடங்கு!

நம் ஆபீசிலும் இதே கதைதான். மேனேஜர் வேக வேகமாக ஏதோ சொல்லி ஃபைலை நீட்டுகிறார். பாதி புரியவில்லை. 'எஸ் சார்' என்று வாங்கிக்கொண்டு வந்து, நாமாக ஒன்றை நினைத்து, நாமாக ஒன்றை டைப் அடித்து அனுப்பிவிடுகிறோம். மூன்று நாள் கழித்து வெடிக்கிறது. அங்கே ஒரு மெமோவோடு போகும். விமானதளத்தில் மெமோ வாங்க ஆள் இருக்க மாட்டான்.

ஆகாயத்தில் போகிற விமானத்துக்கு இல்லாத ஒரு பெரிய வரம் தரையில் உருளும் விமானத்துக்கு இருக்கிறது. நிற்கலாம்! மேலே 'ஒரு நிமிஷம் இருங்க, யோசிக்கிறேன்' என்று நடு ஆகாயத்தில் நிற்க முடியாது. கீழே முடியும். இரண்டு காலையும் சமமாக அழுத்தி, நின்று, 'எனக்குப் புரியலை, நான் எங்கே இருக்கேன்னு தெரியலை' என்று சொல்லலாம். மிஞ்சிப் போனால் நாலு நிமிஷம் லேட். பயிற்சியாளர் முறைப்பார். கூட இருக்கிறவன் கேன்டீனில் கிண்டல் பண்ணுவான்.

பண்ணட்டுமே! கிண்டல் பண்ணப்படுவதற்கு ஆள் முழுசாக இருக்கிறானே!

நம்ம புதுச்சேரி போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியோடு கையைக் காட்டும்போது, 'யோவ், சந்துல போயிடலாம்யா' என்று வண்டியைத் திருப்புகிற பிரகஸ்பதிகள் உண்டு. நாளைக்கு நேரு வீதியில் ஒண்ணரை அடிச் சந்தைப் பார்த்து 'நுழைச்சுடலாம்' என்று மனசு சொல்லும்போது, ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். இறங்கிப் பாருங்கள்.

நீங்கள் பைலட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. ஆறாவது வண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியிருக்காது!